மூண்டாம் சாம்பல்

கப்பல் மனோன்மணி எண்டு தலைமன்னாரில கேட்டால் சின்னப்பிள்ளையும் வீடு காட்டும். வீடு எண்டு நான் சொல்லுறது மரியாதைக்கு. நாலு தகரம், கூரைக்கு ஒரு படங்கு, பின்னால புதுசா வெட்டின கிணறு. இந்தியாவில இருபத்தொரு வருசம் அகதி முகாமில இருந்திட்டு வந்த மனிசிக்கு அதுவே பெரிய காரியம். ஆனா ஆளின்ர வாயைப் பாத்தால் மாளிகையில இருந்து இறங்கி வந்தவ மாதிரித்தான். அவவோட எனக்கு முதல் நாளே கொழுவல்.

நான் தில்லைநாதன். மன்னார் ரவுணில அரசாங்கக் கந்தோருகள் இருக்கிற வீதியில, வேப்ப மரத்துக்குக் கீழ ஒரு மேசையும் ரெண்டு கதிரையும் போட்டு, சனத்துக்குப் படிவம் நிரப்பிக் குடுக்கிறவன். பெட்டிசம் எழுதுவன், சத்தியக்கடதாசி எழுதுவன். சண்டை முடிஞ்சு சனம் திரும்பி வரத் தொடங்கினாப் பிறகு எனக்குத் தேத்தண்ணி குடிக்க நேரமில்லை. ஒருத்தருக்குக் காணி உறுதி இல்லை, ஒருத்தருக்குக் கலியாணப் பதிவு இல்லை, ஒருத்தர் உயிரோட இருக்கிறார் எண்டதுக்கே பேப்பர் இல்லை. இந்த ரவுணில பேப்பர் தாராளமாக் கிடைக்கிறது கழுதையளுக்கு மட்டும்தான். மேசையில கல்லு வைக்காமல் எழும்பினன் எண்டால் ஆற்றையோ விண்ணப்பம் அதுகளின்ர வாயில கிடக்கும்.

2012 தை மாசம் பொங்கல் முடிஞ்ச கையோட மனோன்மணி வந்தா. ஐம்பது ஐம்பத்தொண்டு வயசிருக்கும். கதிரையை நான் காட்டமுதலே இழுத்துப்போட்டு இருந்தா.

"அண்ணை, எனக்குப் பிறப்புப் பதிவு வேணும். கெதியா வேணும்."

"எங்க பிறந்தனீங்கள்?"

"கப்பலில."

"தங்கச்சி, எனக்குப் பின்னால பத்துப் பேர் நிக்கினம். பகிடி விடாதேங்கோ."

"நான் ஏன் பகிடி விடுறன்? உங்களுக்கென்ன விசரே? எழுதுங்கோ, கப்பலில எண்டு!"

பின்னால நிண்ட சனம் சிரிச்சுது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆனா ஏன் கெதியா வேணும் எண்டு கேட்டவுடன மனிசியின்ர குரல் இறங்கிப்போச்சு.

அவவுக்கு ஒரே ஒரு மகள், சிவதர்சினி. முகாமில பிறந்த பிள்ளை. தகப்பன் அங்கயே செத்துப்போனார். போன வருசம் ஊருக்குத் திரும்பிறதுக்குப் பேர் குடுத்த நேரம் பாத்து, மகள் முகாமிலயே ஒரு பெடியனைக் கலியாணம் பதிஞ்சுகொண்டு வந்து நிண்டிருக்கிறாள். தாயைக் கேக்கேல்லை, சொல்லேல்லை. மனோன்மணிக்குக் கோவம் எண்டால் கோவம். "என்ர வாசல்படி மிதியாதை" எண்டு சொல்லிப்போட்டுத் தனிய பிளேன் ஏறி வந்திட்டா. எட்டு மாசமாக் கதை பேச்சில்லை. மார்கழியில, நத்தாருக்கு முதல் கிழமை போன் அடிச்சுது. "அம்மா, எனக்கு வயித்தில பிள்ளை" எண்டு அழுதிருக்கிறாள்.

"தலைப்பிள்ளை அண்ணை. தாய்வீட்டிலதானே பெறவேணும்? நான் வாயால சொன்னதை நானே அழிக்கவேணும். அவளைக் கூப்பிடவேணும்."

ஆனா சிவதர்சினி முகாமில பிறந்தவள். அந்த நாட்டுப் பிரசையும் இல்லை, இந்த நாட்டுப் பதிவும் இல்லை. தாய் இலங்கைப் பிரசை எண்டு காட்டினால்தான் மகளைப் பதியலாம், பதிஞ்சால்தான் பயணப் பத்திரம். தாய்க்கோ பிறப்புப் பதிவே இல்லை. தேடிப் பாத்தாச்சு, அவவின்ர தகப்பன் பதியவே இல்லைப் போல. அடையாள அட்டையும் அந்த நாளில எடுக்கேல்லை, திரும்பி வரத் தந்த தற்காலிகப் பத்திரம் பதிவுக்குச் செல்லாது. எட்டு மாசம் தாண்டினால் பிள்ளைத்தாச்சியைப் பிளேனில ஏத்தமாட்டினம். கணக்குப் பாத்தால் எங்களுக்கு ஆனி மாசம் வரைக்கும்தான் நேரம்.

"சரி, கப்பல் கதையைச் சொல்லுங்கோ" எண்டன்.

சொன்னா. கண்ணை விரிச்சு, கையை ஆட்டி, நூறு தரம் சொல்லிப் பழகின வாயால சொன்னா. அவவின்ர தேப்பன் சிங்கராசா தலைமன்னாரில இருந்து தனுஷ்கோடிக்கு ஓடின கரிக்கப்பலில அடுப்புக்குக் கரி தள்ளினவர். தாய் பூமயில் தனுஷ்கோடிப் பெட்டை. கப்பல்காரனை விரும்பி இஞ்சால வந்தவ. தலைப்பிள்ளைப் பேறுக்குத் தாய்வீட்டுக்குப் போக, புருசன் வேலை செய்யிற கப்பலிலயே ஏறியிருக்கிறா. வழியில பிள்ளை பிறந்திட்டுது. அதால துறையோட திரும்பி வந்திட்டினம்.

"அடுப்படியில யன்னலும் இல்லை, மணிக்கூடும் இல்லை அண்ணை. கப்பல் எங்க நிக்குது எண்டு அப்பா ஆக்கள் சாம்பலை வைச்சுத்தான் அறிவினம். அடுப்பில இருந்து சாம்பல் இழுத்துக் கடலில கொட்டவேணும். ஒரு பயணத்துக்கு மூண்டு தரம். போகேக்க மூண்டு, வரேக்க மூண்டு. மூண்டாம் சாம்பல் இழுத்தால் கரை வந்திட்டுது. அப்பா மூண்டாம் சாம்பலை இழுத்துக்கொண்டு நிக்கேக்கதானாம் நான் கத்தினது. நான் சண்டை பிடிச்சால் அப்பா சிரிச்சுச் சொல்லுவார், 'மூண்டாம் சாம்பலோட வந்தவள், சூடு இருக்கத்தானே செய்யும்' எண்டு."

நான் என்ர வடிவான கையெழுத்தில எழுதினன். பிறந்த இடம்: தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி சென்ற நீராவிக் கப்பலில், தனுஷ்கோடிக்கு அண்மையில். எழுதிப்போட்டு எனக்கே ஒரு பெருமை. இப்பிடி ஒரு பிறந்த இடத்தை நான் என்ர சீவியத்தில எழுதேல்லை.

ஆதாரத்துக்கு அவவிட்ட ஒரே ஒரு பேப்பர் இருந்தது. தேப்பன் எழுதுவிச்ச சாதகக் குறிப்பு. தொண்ணூறில வள்ளத்தில ஓடேக்க அதைப் பொலித்தீன் பையில சுத்தி நெஞ்சோட கட்டிக்கொண்டு போயிருக்கிறா. பழைய ஏடு மாதிரிப் பழுத்துப்போன தாள். ஆண்டு, மாசம், திகதி, பிறகு "உதயாதி நாழிகை 25, நீராவிக் கப்பலில் செனனம்". நான் திகதியைப் பாத்தன். நாழிகையை மணியாக்கிப் பாக்க எனக்குப் பஞ்சி. பின்னால பத்துப் பேர் நிக்கினம் எண்டு எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டு, பிரதி எடுத்து விண்ணப்பத்தோட குத்தி அனுப்பிவிட்டன்.

பங்குனி முடியேக்க விண்ணப்பம் திரும்பி வந்தது. கந்தோரில பதிவு பாக்கிற மிஸ் நல்ல பிள்ளை. என்னைக் கூப்பிட்டு இருத்திச் சொன்னா.

"ஐயா, தனுஷ்கோடிக்கு அண்மையில் எண்டு நீங்களே எழுதியிருக்கிறியள். அப்ப இது வெளிநாட்டுப் பிறப்பாப் போகுது. வெளிநாட்டில பிறந்த பிள்ளையை ஒரு வருசத்துக்குள்ள தேப்பன் பதிஞ்சிருக்கவேணும். பதியேல்லை. முகாமில பிறந்த பிள்ளையளுக்குப் பிந்திப் பதிய விட்டிருக்கினம், இந்தப் பழைய பிறப்புக்கு இல்லை. நான் என்ன செய்யிறது, சொல்லுங்கோ?"

அவவில பிழை இல்லை. நான் எழுதினதைத்தான் அவ வாசிச்சா.

வெளியால வந்து, என்ர மேசையில வைச்சு மனோன்மணிக்கு வழி சொன்னன். "கப்பலை விடுங்கோ. தலைமன்னாரில வீட்டில பிறந்தது எண்டு எழுதுவம். அந்த நேரம் இருந்த ஒரு ஆள் சத்தியக்கடதாசி தந்தால் போதும்."

மனிசி எழும்பிட்டா. "அப்ப என்ர அப்பா பொய்யன் எண்டு எழுதப்போறியளோ? அந்த மனிசன் எனக்கு வைச்சிட்டுப் போன சொத்து அந்த ஒரு கதைதான்! காணியும் கையில இல்லை, வீடும் இல்லை, ஒரு படமும் இல்லை. அதையும் பிடுங்கப் போறியளோ?" எண்டு கத்திப்போட்டு வெளிக்கிட்டுப் போயிட்டா. கதிரை கவிண்டு விழுந்தது. நானும் பின்னால, "போங்கோ, போய்க் கப்பலில இருங்கோ!" எண்டு கத்தினன். என்ர வாயும் லேசுப்பட்டதில்லை.

ரெண்டு கிழமை ஆள் வரேல்லை. சித்திரை வருசப்பிறப்புக்குப் பிறகு வந்தா. இந்த முறை கதிரையில இருக்கேல்லை.

"எழுதுங்கோ அண்ணை. வீட்டில பிறந்தனான் எண்டு. அவளுக்குக் கால் வீங்கிக்கிடக்காம். பெடியன் வேலைக்குப் போனாப் பிறகு தனிய இருந்து அழுறாளாம்." சொல்லிக்கொண்டே சீலைத் தலைப்பால முகத்தை மூடினா. இவவைப் போய்ப் பேசினனே எண்டு வெக்கமாப் போச்சு.

சாட்சிக்கு ஆள் தேடினம். சிங்கராசாவைத் தெரிஞ்ச ஆக்கள் எல்லாரும் செத்துப்போச்சினம், இல்லாட்டி வெளிநாடு. மிஞ்சினது லூசியா அக்கா மட்டும். எண்பது வயசு கிட்ட, தோட்டவெளியில மகனோட இருக்கிறா. அண்டைக்கு அதே கப்பலில போனவ, மனோன்மணியைக் கையில ஏந்தினவ. நாங்கள் ரெண்டு பேரும் பஸ் ஏறிப் போய், விசயத்தைச் சொல்லி, வீட்டில பிறந்தது எண்டு சத்தியம் செய்து தரச்சொல்லிக் கேட்டம்.

லூசியா அக்கா என்னை ஏற இறங்கப் பாத்தா. "இந்த வயசில மாதாவுக்கு முன்னால என்னைப் பொய்ச் சத்தியம் பண்ணச் சொல்லுறியளோ? நல்ல ஆள்தான் நீங்கள். கப்பலில பிறந்தது உண்மை. அதில மாத்தமில்லை." பிறகு கொஞ்ச நேரம் செபமாலையை உருட்டிக்கொண்டு இருந்தா. "ஆனா போகேக்க இல்லை. வரேக்க."

"என்ன மாமி சொல்லுறியள்?" எண்டா மனோன்மணி.

"இரு பிள்ளை. சிங்கராசாவுக்குக் குடுத்த வாக்கு. அவனும் போய்ச் சேந்திட்டான், பூமயிலும் போய்ச் சேந்திட்டாள். இனி நான் ஆருக்குப் பயப்படுறது?"

லூசியா அக்கா சொன்னதை அப்பிடியே சொல்லுறன்.

"நான் அண்டைக்குப் பெருநாளுக்குச் சீலை எடுக்கப் போனனான். அந்த நாளில காலமைக் கப்பலில போய், தனுஷ்கோடியில சீலை எடுத்து, சோறு திண்டு, பின்னேரக் கப்பலில வந்திடுவம். உன்ர அம்மா வயிறு முட்டிக்கொண்டு தகரப்பெட்டியோட ஏறினாள். நான்தான் அவளைக் கரித்தூள் பறக்காத பக்கமாப் பாத்து இருத்தினனான். புதுச்சனம் விசயம் தெரியாமல் புகைக்கூட்டுக்குப் பின்னால போயிருந்து மூஞ்சையெல்லாம் கறுத்து இறங்கும். நாங்கள் காத்தைப் பாத்துத்தான் இருக்கப் பாய் விரிப்பம். பலகை கிடுகிடு எண்டு நடுங்கும், கீழ நெருப்பெல்லே, சுடும். உன்ர அம்மா பலகையில உள்ளங்கையை வைச்சுப் பாத்திட்டு, 'அக்கா, இந்தச் சூடு அவர் போடுற கரி' எண்டாள். அவ்வளவு சந்தோசம் அவளுக்கு. தாயிட்டப் போறன் எண்ட சந்தோசம்.

"உன்ர அம்மம்மா துறைக்குக் கிட்ட இட்டிலி விக்கிற மனிசி. கப்பல்காரனோட ஓடினவள் எண்டு கோவம் ஆறேல்லை. பேறு எண்டு வந்தால் மனம் இளகும் எண்டு நினைச்சுத்தான் பூமயில் போனவள். மனிசி வெளிய வந்து பாத்தா. வயித்தையும் பாத்தா. 'என்ர வாசல்படி மிதியாதை' எண்டு சொல்லிப்போட்டுக் கதவைச் சாத்தினா. நான் சீலை எடுத்துக்கொண்டு வரேக்க இவள் வெயிலுக்க பெட்டியில குந்திக்கொண்டு இருக்கிறாள். ஒரு வாய் தண்ணி குடிக்கேல்லை. பின்னேரக் கப்பல் ஊதுது. 'அக்கா, என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ' எண்டாள்.

"கப்பல் வெளிக்கிட்டுக் கொஞ்சத்தில பிள்ளைப்பேத்து நோ தொடங்கிட்டுது. கடலும் அடிக்குது. நாலைஞ்சு பெண்டுகள் சுத்தி நிண்டம். மறைப்புக்கு என்ர புதுப் பச்சைச் சீலையைத்தான் பிரிச்சுப் பிடிச்சம். ஒருத்தன் கீழ ஓடிப்போய்ச் சிங்கராசாவிட்டச் சொன்னான். அவன் மேல வரேல்லை. எப்பிடி வாறது? கரி தள்ளுற சவளைக் கீழ வைச்சால் நீராவி இறங்கும், கப்பல் கடலுக்க நிண்டிடும். கரைக்குப் போனால்தானே மருத்துவிச்சி? அவன் அழுது அழுது கரி தள்ளினானாம். பக்கத்தில நிண்டவன் பிறகு சொன்னவன். தலைமன்னார் வெளிச்சவீடு கண்ணுக்குத் தெரியுது, மூண்டாம் சாம்பல் கடலில விழுந்து சீறுது, நீ கத்துறாய். பிறகுதான் மேல வந்தான். கைகூடக் கழுவேல்லை. அப்பிடியே உன்னைத் தூக்கினான். என்ர சீலையில அவன்ர அஞ்சு விரலும் கரியாப் பதிஞ்சுது. எத்தினை தரம் தோய்ச்சன், போகவே இல்லை.

"இறங்கமுதல் என்னட்ட வந்து கெஞ்சினான். 'லூசியாக்கா, போகேக்கதான் பிறந்தது, அதால திரும்பி வந்திட்டம் எண்டு சொல்லுவம். தாய் கதவைச் சாத்தினவள் எண்டு ஊர் பூமயிலைப் பாத்துக் கதைக்கக்கூடாது' எண்டான். நானும் ஓம் எண்டன்."

மனோன்மணி சுவரைப் பாத்துக்கொண்டு இருந்தா. பிறகு, "அதே சொல்லு" எண்டா. "அம்மம்மா சொன்ன அதே சொல்லைத்தான் அண்ணை நானும் என்ர பிள்ளைக்குச் சொன்னனான். அம்மாவுக்கு அது எப்பிடி இருந்திருக்கும் எண்டு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தால் சொல்லியிருப்பனே?" நெஞ்சில அடிச்சு அழுதா. லூசியா அக்கா இழுத்து மடியில சாய்ச்சுக்கொண்டா.

நான் என்ன செய்தன் தெரியுமே? சாதகத்தை எடுத்து, முற்றத்து மணலில விரலால கணக்குப் போட்டன். உதயாதி எண்டால் சூரிய உதயத்தில இருந்து, ஒரு நாழிகை இருபத்தினாலு நிமிசம். இருபத்தைஞ்சு நாழிகை எண்டால் பத்து மணித்தியாலம். சூரியன் ஆறுக்கு எழும்பினால் பின்னேரம் நாலு மணி. காலமைக் கப்பல் போற கப்பல், பின்னேரக் கப்பல் வாற கப்பல். அப்ப மூண்டாம் சாம்பல் விழுந்தது எங்கட கரைக்குக் கிட்ட, உள்நாட்டுப் பிறப்பு. சிங்கராசா ஊருக்குப் பொய் சொன்னான், சாதகம் எழுதின சாத்திரியாருக்குச் சொல்லேல்லை. நேரம் பிழைச்சால் பிள்ளையின்ர பலன் பிழைச்சுப் போகும் எண்டு தேப்பன் பயந்திருக்கிறான். உண்மை தை மாசத்தில இருந்து என்ர மேசையில கிடந்திருக்குது. ஒரு நிமிசக் கணக்கு. நான் போடேல்லை.

மணலைக் காலால அழிச்சன். முதலே பாத்திருக்கலாம் எண்டதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

புது விண்ணப்பம் எழுதேக்க, கதவு சாத்தின கதை தேவையில்லை எண்டு சொன்னன். பிறந்த இடமும் நேரமும் லூசியா அக்காவின்ர சத்தியமும் போதும். மனோன்மணி கேக்கேல்லை. "பிள்ளைத்தாச்சி போன அண்டைக்கே ஏன் திரும்பினவ எண்டு கேப்பினமெல்லே? உள்ளதை எழுதுங்கோ. எங்கட வீட்டில ஒளிச்சது காணும்" எண்டா. கந்தோரில மிஸ்ஸுக்கு முன்னால, பிசகாமல், தானே வாயால சொன்னா. மிஸ் கண்ணைத் துடைச்சுப்போட்டு, நான் நாழிகையை மணியாக்கி இணைச்ச தாளைப் பாத்து, "ஐயா கெட்டிக்காரன், இதைப் பிடிச்சிட்டியளே" எண்டா. மனோன்மணி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டா. நான் நிலத்தைப் பாத்தன்.

பதிவு சரிவந்தது ஆனி கடைசியில. பிறந்த இடம்: தலைமன்னாருக்கு அண்மையில். மகளின்ர பதிவுக்கு அனுப்பி, அவளின்ர பத்திரம் வந்தது ஆடி முதல் கிழமை. வாற வழியில்லை. எட்டு மாசம் எப்பவோ தாண்டிட்டுது. ஆடி பன்ரெண்டாந் திகதி சிவதர்சினிக்குப் பொம்பிளைப் பிள்ளை பிறந்தது. ஆசுப்பத்திரியில, தாய் பக்கத்தில இல்லாமல்.

அடுத்த நாள் மனோன்மணி வந்தா. மகள் போனில ஒரு வசனம்தான் சொன்னவளாம். "பேப்பர் பேப்பர் எண்டு சாட்டுச் சொல்லி, சொன்ன சொல்லை நிறைவேத்திப்போட்டியள் அம்மா." பிறகு போனை எடுக்கேல்லையாம்.

"ஒரு கடிதம் எழுதுங்கோ அண்ணை. என்ர கையெழுத்தைக் கண்டால் பிரிக்காமல் கிழிச்சுப்போடுவாள். இந்தப் பதிவின்ர பிரதியையும் வைச்சு அனுப்புவம். கதவு தை மாசத்தில இருந்து திறந்துதான் கிடந்தது எண்டு எழுதுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்."

எழுதினன். எழுதிப்போட்டு, கேக்காமலே கீழ ரெண்டு வரி சேத்தன். "வாசிச்சுக் காட்டுங்கோ" எண்டா. வாசிச்சன்.

"பிள்ளை, இதை எழுதுறவன் படிவம் நிரப்புற தில்லைநாதன். பிந்தினது உன்ர அம்மாவால இல்லை. சாதகத்தில நாழிகை இருந்தது. நான் பாக்கேல்லை."

மனோன்மணி என்ர முகத்தையே பாத்துக்கொண்டு இருந்தா.

"அப்ப தை மாசமே சரியா எழுதியிருக்கலாமோ?"

"ஓம்."

"அவள் இஞ்ச வந்து பெத்திருப்பாளோ?"

"ஓம் தங்கச்சி. வந்திருப்பாள்."

பேசுவா, கதிரையைத் தூக்கி அடிப்பா எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தன். அடிச்சிருந்தால் எனக்கு ஆறுதலா இருந்திருக்கும். அவ என்ர பேனையை எடுத்து என்ர கையில திருப்பி வைச்சா.

"அதையும் எழுதுங்கோ" எண்டா.

எழுதினன்.